விடைத்தாள் அடுக்கத் தெரிந்த ஆசிரியர்களுக்கு

வேலூர் மாவட்டக் கல்லூரிகளின் கணினி அறிவியல் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் காட்பாடியில் மாலை வேளைகளில் உங்கள் மாணவர்களுக்குப் பாடம் சொல்லித் தருகிறவன். குடியாத்தம், அணைக்கட்டுப் பக்கமிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள். முதலாண்டில் சி, பைத்தான் என்று நிரல் மொழிகளில் துள்ளும் பிள்ளைகளுக்கு, இரண்டாம் ஆண்டில் கோட்பாட்டுப் பாடங்கள் வந்ததும் முகம் வாடிவிடுகிறது. “புரோகிராம் எழுதத்தானே சேர்ந்தோம், இந்த நிரூபணமெல்லாம் எதற்கு சார்?” என்கிறார்கள்.

சென்ற மாதம் ஒரு மாணவியிடம் 60 மாதிரித் தேர்வுத் தாள்களைக் கொடுத்துப் பதிவெண் வரிசையில் அடுக்கச் சொன்னேன். ஒவ்வொரு தாளாக எடுத்து, கையிலிருந்த கட்டில் இடம் தேடிச் செருகினாள். நீங்களும் அப்படித்தான் அடுக்குவீர்கள். மிஞ்சிப்போனால் 1,770 ஒப்பீடுகள். 600 தாள் என்றால்? “பத்து மடங்கு” என்றாள். கணக்குப் போட்டால் 1,79,700; நூறு மடங்குக்கும் மேல். சற்று நேரம் தாள்களையே பார்த்திருந்தவள், கட்டைப் பிரித்துச் சிறு கட்டுகளாக அடுக்கி, இரண்டிரண்டாகச் சேர்க்கத் தொடங்கினாள். இப்படிப் பிரித்துச் சேர்த்து அடுக்கும் முறைதான் ‘மெர்ஜ் சார்ட்’. அதை ரெக்கார்டு நோட்டில் எழுதி, ஆசிரியரிடம் கையெழுத்தே வாங்கிவிட்டவள் அவள். அது எதற்கென்று அன்றுதான் தெரிந்தது.

நம் ஆய்வகங்களில் அவுட்புட் வந்தால் மதிப்பெண் வந்துவிடுகிறது. என் வருத்தமே அதுதான். ஜாவா மொழியின் ஆயத்த நிரல் தொகுப்பிலிருந்த பைனரி சர்ச் நிரலும் (வரிசையான பட்டியலை நடுவில் பாதி பாதியாகப் பிரித்துத் தேடுவது) ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சரியான அவுட்புட்டைத்தான் தந்துகொண்டிருந்தது. நடு இடம் காண இரு எண்களைக் கூட்டும்போது தொகை 2,14,74,83,647ஐத் தாண்டினால் எதிர்மறை எண்ணாகிவிடும் என்பது 2006இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. கைதேர்ந்தவர்கள் எழுதிய சில வரிகள்!

கணினியால் எது முடியும், எது முடியாது என்று ஆராயும் கணிமைக் கோட்பாட்டைப் பிள்ளைகள் அரியர் பேப்பர் என்றே அறிவார்கள். எந்த நிரலைக் கொடுத்தாலும் அது நிற்குமா, ஓயாமல் ஓடுமா என்று தவறாமல் சொல்லும் ஒரு நிரலை யாராலும் எழுத முடியாது. கணித அறிஞர் ஆலன் டூரிங் 1936இல் காட்டிய வழியில் கிடைக்கும் முடிவு இது. இதைக் கேட்டு ஒரு பையன் இரவெல்லாம் தூங்கவில்லை என்றான். அவனுக்கு இரண்டு அரியர்.

அடுத்த செய்முறைத் தேர்வில் இரண்டே கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள்: தரவு பத்து மடங்கானால் உன் நிரல் என்னவாகும்? எந்த உள்ளீட்டுக்கு இது தவறும்? விழித்து நிற்பவனின் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம். மறுநாள் வகுப்புக்கு ஒரு கட்டு விடைத்தாளோடு போங்கள்.

இப்படிக்கு,
காட்பாடியிலிருந்து ஒரு தனிப்பயிற்சி ஆசிரியன்