பனி இறுகியிருக்கும் நேரம்

மண்டபம்,
ஜூன் 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் நான் ஊரில் இல்லாதபோது வந்திருக்கிறது. அம்மா அதை அரிசி டின்னுக்கு மேலே பத்திரமாக வைத்திருந்தார். நேற்று ராத்திரிதான் படித்தேன். பாப்பா பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள் என்றதும் தூங்கிக்கொண்டிருந்த அம்மாவை எழுப்பிச் சொல்லிவிட்டேன். "அவ தாத்தா இருந்து பாத்திருக்கணும்" என்றார். அப்புறம் வெகுநேரம் படுக்கவே இல்லை, உன் வீட்டுக் கதையாகவே பேசிக்கொண்டிருந்தார். உன் முழங்கால் வலியைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறாய். நீ கேட்டிருக்கும் விஷயத்துக்கு அதுதான் முக்கியம், அதனால் அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது.

இங்கே மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் 2 நாள். ஏப்ரல் 15-இலிருந்து மொத்தம் 61 நாள் தடை, விசைப்படகுகள் கரையில்தான் கிடக்கின்றன, இப்போது கரை முழுக்கப் பெயிண்ட் வாசனை. கச்சான் காற்று தென்கடலைப் புரட்டிக்கொண்டிருக்கிறது. வடகடல் அமைதியாக இருக்கிறது. நான் வந்து இறங்கிய அன்றே ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசரைப் போட்டுவிட்டோம். படகுகள் கிளம்புவதற்குள் ஐஸ் பார்களை அடுக்கியாக வேண்டும். இந்த 2 மாத ஓய்வு இல்லையென்றால் நான் இமயமலைப் பக்கம் போயிருக்கவே முடியாது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். அடுத்த வருஷம் ஜூன் முதல் வாரம் குடும்பத்தோடு உத்தராகண்ட் மலையில் இருக்கும் பூக்களின் பள்ளத்தாக்குக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறாய். பூவுக்காக என்றால் அந்த வாரம் வேண்டாம். அந்தத் தேசியப் பூங்காவை ஜூன் 1-ஆம் தேதி திறந்து அக்டோபர் 31-ஆம் தேதி மூடுகிறார்கள். ஆனால் படங்களில் நாம் பார்க்கிற பூவெல்லாம் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரைக்கும்தான். நான் போனபோது புல்வெளி பழுப்பாகக் கிடந்தது. போன வருஷத்துப் புல்லைப் பனி மாதக்கணக்கில் அழுத்தி, பாய் விரித்த மாதிரி படிய வைத்திருந்தது. அதைக் கிழித்துக்கொண்டு சுண்டுவிரல் உயரத்துக்குச் சிவப்பும் பச்சையுமாகக் குருத்து வந்துகொண்டிருந்தது. பனி உருகிப் பின்வாங்கும் ஓரத்தில், ஈரம் சொட்டுகிற மண்ணில், ஊதா நிறத்தில் பிரிமுலாப் பூக்கள் கொத்துக் கொத்தாக நின்றன. இன்று காலை வரை பனிக்கு அடியில் இருந்த மண், மறுநாள் பூவோடு நிற்கிறது. மண்டியிட்டு உட்கார்ந்து அதைப் பார்த்தேன். எனக்கு அது போதுமாக இருந்தது. பாப்பாவுக்குப் போதுமா என்று நீதான் சொல்ல வேண்டும்.

போகும் வழி சிரமமில்லை. ஹரித்வாரிலிருந்து ஜோஷிமட், அங்கிருந்து பத்ரிநாத் ரோட்டில் கோவிந்த்காட், பிறகு ஜீப்பில் புல்னா. புல்னாவிலிருந்து கங்காரியா வரை சுமார் 10 கிலோமீட்டர் ஏற்றம். அந்தப் பாதையில் மட்டக்குதிரை கிடைக்கும், உன் முழங்காலுக்கு அது ஆகும். இறங்கும்போதும் குதிரையே எடு. ஏறும்போது விட்டுவிடுகிற முழங்கால் இறங்கும்போதுதான் பழி வாங்கும். ஆனால் பள்ளத்தாக்குக்குள் குதிரையை விடமாட்டார்கள், அங்கே நடைதான். கங்காரியாவே 3,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர்தானே? கடல் மட்டத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கு முதல் ராத்திரி தலை விண்ணென்று தெறித்தது. அங்கே போய்ச் சேர்ந்த மறுநாளே மேலே ஏறாமல் ஒருநாள் சும்மா இரு. நான் அப்படிச் செய்யவில்லை, அதனால்தான் அடுத்த நாள் காலையில் கிளம்பவே ஒன்பதரை மணி ஆகிவிட்டது.

அந்தத் தாமதத்தால் நடந்ததைத்தான் உனக்கு முக்கியமாக எழுத வேண்டும்.

புஷ்பாவதி ஆற்றின் பாலத்தைத் தாண்டி, பூர்ஜ (பிர்ச்) மரங்களுக்கு நடுவே ஏறிப் போனால், மலைச்சரிவிலிருந்து ஓடை இறங்கும் இடங்களில் பாதை காணாமல் போகிறது. குளிர்காலத்தில் மேலிருந்து சரிந்த பனி அந்தப் பள்ளங்களில் அடைந்து கெட்டிப்பட்டுக் கிடக்கிறது. கைடுகள் அதைக் கிளேசியர் என்கிறார்கள். நாங்கள் பெரிய பனிக்கு முன்னால் போய் நின்றபோது மணி 12. வெயில் சுள்ளென்று அடித்தது. மேலே பார்த்தால் நம் ஊர்ச் சாலை போல அகலமாக, திடமாகத்தான் தெரிந்தது. அடியிலே தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

எனக்கு அந்தச் சத்தம் போதும், மாப்ள. படகின் ஐஸ் பெட்டியில் நாள் கணக்கில் கிடந்த ஐஸை நீயும் பார்த்திருக்கிறாய். மேலே அசையாமல் நிற்கும். அடியில் கரைந்து கூடு விழுந்திருக்கும், மீன் ஐஸில் படாமலே கெட்டிருக்கும். மேலே கையை வைத்துப் பார்க்கிறவன் ஏமாந்துபோவான். அந்தப் பனியும் அதேதான். ஓடை அடியில் அரித்துக்கொண்டே போகிறது, மேலே கூரை மட்டும் நிற்கிறது. ஓரமாகப் போய்க் குனிந்து பார்த்தேன். வெட்டுவாய் அடுக்கடுக்காக இருந்தது. சாம்பல் நிறம், நடுவே கூழாங்கல்லும் பூர்ஜப் பட்டையும் ஒடிந்த சுள்ளியும் பதிந்து கிடந்தன. கீழே வளைவு நீலமாக மின்னியது, அதிலிருந்து விடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. ஓரத்தில் கூரையின் கனம் ஒரு சாண்கூட இல்லை.

எங்களுக்கு முன்னால் போன ஒரு பையனின் கால் தொடை வரை உள்ளே போய்விட்டது. கூட வந்தவர்கள் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள், அடி ஒன்றும் இல்லை. கைடு என் முகத்தைப் பார்த்தார். நான் திரும்பிவிடலாம் என்றேன். அவ்வளவு தூரம் போய்த் திரும்பி வந்தது ராத்திரி முழுக்க மனசை அறுத்தது. ஆனாலும் அதில் எனக்கு வருத்தம் இல்லை.

மறுநாள் காலை 7 மணிக்கே பூங்கா கேட்டில் நின்றோம். 9 மணிக்கு முன்னால் அதே இடம். ராத்திரிக் குளிரில் பனி இறுகி, தடியால் தட்டினால் கல்லில் பட்ட மாதிரி கேட்டது. நேற்று அந்தப் பையனின் கால் பதிந்த குழிகூட உறைந்துபோயிருந்தது. கைடு நேராக நடுவில் போகவில்லை. ஓடைக்கு மேலே இருக்கிற இடம்தான் மெல்லிசு என்று சரிவில் கொஞ்சம் ஏறி, அங்கே தடியால் குத்திப் பார்த்து, குதிகாலால் படி வெட்டிக்கொண்டே போனார். ஒவ்வொருவராகத்தான் தாண்டினோம். 5 நிமிஷ வேலை. ஒரே பனிதான், ஆனால் நேரம் வேறு.

அதைத் தாண்டியபின் பள்ளத்தாக்கு விரிந்தது. அங்கே 1939-இல் செடி சேகரிக்க வந்து பாறையில் சறுக்கி இறந்துபோன ஜோன் மார்கரெட் லெக் என்ற பெண்மணியின் கல்லறை இருக்கிறது. 1931-இல் காமெட் சிகரம் ஏறித் திரும்பிய பிராங்க் ஸ்மைத் வழியில் இந்தப் பள்ளத்தாக்கைக் கண்டு உலகத்துக்குச் சொன்னார், அதைக் கேள்விப்பட்டு வந்தவர்களில் இவரும் ஒருவர். கல்லறைக் கல்லில் பைபிளின் 121-ஆம் சங்கீதத்தின் முதல் வரியைப் பொறித்திருக்கிறார்கள். நம் ஞாயிறு வகுப்பில் நீ மனப்பாடமாகச் சொல்லிப் பென்சில் பெட்டி பரிசு வாங்கினாயே, அதே வரிதான். சுற்றிலும் பனி உச்சிகள், ஒரு மனிதர் சத்தம் இல்லை. உன்னை நினைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் இருக்கும் சீக்கியர் கோயிலான ஹேம்குண்ட் சாகிப்புக்கு நான் போகவில்லை. அது இன்னும் உயரம், தலைவலியோடு துணிய மனசு வரவில்லை.

இப்போது நான் சொல்வது இதுதான். உனக்கு ஜூலைக் கடைசியில் லீவு கிடைக்கும் என்றால் அப்போதே போ. மழை இருக்கும், ஜோஷிமட் பக்கம் மண் சரிந்து ரோடு ஒருநாள் இரண்டுநாள் அடைபடலாம், அதற்கு நாள் ஒதுக்கிக்கொள். பாப்பா பார்க்க ஆசைப்படுவது பூவைத்தான், அவளுக்குப் பழுப்புப் புல்லைக் காட்டாதே. ஜூனில்தான் லீவு என்றால் அந்தப் பனிக்கும் முதல் குருத்துக்குமாகவே போ. அதுவும் கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் உள்ளூர்க் கைடு இல்லாமல் வேண்டாம், பனியை 9 மணிக்குள் தாண்டு, திரும்பி வரும்போது வெயிலில் இளகியிருக்கும் என்பதைக் கணக்கில் வைத்து மேலே நேரத்தோடு முடித்துக்கொள். தாண்ட வேண்டாம் என்று கைடு சொன்னால் அங்கேயே உட்கார்ந்து டிபனைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடு. தங்கச்சியிடம் இதை நீ வாசித்துக் காட்டு, நீ தனியாக முடிவெடுக்காதே.

கோவிந்த்காட்டில் வாங்கிய மூங்கில் தடியைச் சென்னையிலிருந்து ரயிலில் இங்கேவரை கொண்டுவந்துவிட்டேன். உனக்குத்தான். அம்மா நெத்திலிக் கருவாடு கட்டி வைத்திருக்கிறார். அடுத்த வாரம் லோடு ஏற்றிக்கொண்டு உங்கள் பக்கம் வருகிற வண்டியில் இரண்டையும் கொடுத்தனுப்புகிறேன். விடிகாலை 4 மணிக்கு முதல் பார் எடுக்கப் போக வேண்டும், இதோடு நிறுத்துகிறேன். டாக்டர் முழங்காலைப் பார்த்து என்ன சொன்னார், லீவு எந்த மாதம் கிடைக்கும், இரண்டையும் எழுது.

அன்புடன்,
உன் மச்சான்