‘கொல்லி’ என்ற பெயரும் என் தங்கச்சியின் ரிப்போர்ட்டும்

கொழும்பில் குழந்தைப்பேற்றுச் சிகிச்சை நிலையங்களை நடத்தும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். பதினாறு வருடமாக மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை. இரத்தக் குழாய்களுக்கு இலக்கம் ஒட்டுவதிலும் வெண்குழியங்களை எண்ணுவதிலும் என் பகல் போகிறது. ஆனால் இந்த மடலை எழுத வைத்தது வேலை இல்லை. மூன்று தடவை கரு கலைந்த ஒருத்திக்கு நான் அக்கா.

மூன்றாவது தடவைக்குப் பிறகு தங்கச்சி ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனாள். ஊதா மூடிக் குழாயில் இரத்தம் எடுத்தார்கள். பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது: இயற்கைக் கொல்லிக் கலங்கள் 17 சதவீதம், பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘அதிகம்’. நோயிலிருந்து உடலைக் காக்கும் வெண்குழியங்களில் ஒருவகை அவை. மருத்துவர் அந்த வரியைப் பேனாவால் வட்டமிட்டு, “உங்களுக்குக் கொல்லிக் கலங்கள் கூட. அதுதான் பிள்ளையைத் தங்க விடுதில்லை” என்றாராம். அன்றிரவு என் குசினியில் நின்று, “அக்கா, அப்ப நான்தானே என்ட பிள்ளைகளைக் கொண்டுட்டன்?” என்று கேட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

உங்களிடம் நான் கேட்க வந்தது இதுதான். அந்த இரத்தப் பரிசோதனையை வைத்துக் கரு கலைந்ததற்குக் காரணம் சொல்லாதீர்கள்.

இந்தக் கலங்களுக்குப் பெயர் வந்தது 1975இல். ஸ்டொக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கீஸ்லிங், எவா க்ளைன், விக்செல் ஆகியோர் சுண்டெலிகளின் நிணநீர்க்குழியங்கள் என்ற வெண்குழியங்களை இரத்தப் புற்றுநோய்க் கலங்களோடு சேர்த்துப் பார்த்தபோது, முன்பின் அந்தப் புற்றைச் சந்தித்திராத குழியங்களே அதைக் கொன்றன. ரீ (T) கலங்கள் என்ற இன்னொரு வகை வெண்குழியங்களுக்குப் பகையாளியை இனங்கண்டு பெருக நாட்கள் வேண்டும். இவற்றுக்கு அந்தப் பயிற்சி வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் ‘இயற்கைக் கொல்லி’ என்றார்கள். சோதனைக் குழாயில் கண்டதற்கு வைத்த பெயர் அது.

எதைக் கொல்வது, எதை விடுவது என்று அவை எப்படி முடிவெடுக்கின்றன என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. நம் உடலில் உட்கரு உள்ள ஏறக்குறைய எல்லாக் கலங்களும் மேற்பரப்பில் எச்எல்ஏ முதல் வகுப்புப் புரதத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். அடையாள அட்டை மாதிரி. சோதனைச் சாவடியில் ஐசியை நீட்டிப் பழகிய கொழும்புத் தமிழருக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. சில வைரசுகளும் புற்றுக் கலங்களும் ரீ கலங்களிடமிருந்து தப்புவதற்காக அந்த அட்டையை ஒளித்துவிடும். அங்கேதான் கொல்லிக் கலத்தின் கையில் அகப்படும்: அட்டை இல்லாததையே அது கவனிக்கிறது. இந்தக் கருத்தைக் க்ளாஸ் கேரேயும் கூட்டாளிகளும் 1986இல் பரிசோதித்துக் காட்டினார்கள். அட்டை இல்லாதது மட்டும் போதாது, ஆபத்துக்கான வேறு அறிகுறிகளும் சேர வேண்டும். தடுக்கும் சமிக்ஞையும் தூண்டும் சமிக்ஞையும் ஒன்றையொன்று எடைபோட்ட பிறகுதான் கொல்லிக் கலத்தின் பெர்ஃபோரின் என்ற புரதம் துளையிடும், கொல்லும் நொதியான கிரான்சைம் உள்ளே போகும். இந்தக் கலங்கள் பிறவியிலேயே குறைந்தவர்களை ஹெர்பீஸ் குடும்ப வைரசுகள் திரும்பத் திரும்பப் படுக்கையில் போடுகின்றன. நாம் உயிரோடு இருக்க இவை வேண்டும்.

சரி, கருப்பைக்கு வருவோம். கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில் கருப்பை உட்படையில் இருக்கும் வெண்குழியங்களில் சுமார் 70 சதவீதம் இந்தக் குடும்பத்துக் கலங்கள்தான். பிள்ளையைக் கொல்வதுதான் வேலையென்றால் ஒருவரும் பிறந்திருக்க மாட்டோம். அவை இரத்தத்தில் ஓடும் கொல்லிகள் போன்றவை அல்ல. மேற்பரப்புக் குறிகளும் வேறு, கொல்லும் திறனும் குறைவு. சூல்வித்தகத்திலிருந்து உள்ளே நுழையும் பிள்ளையின் கலங்களோடு சேர்ந்து, தாயின் சுருள் நாடிகளை அகலப்படுத்தி இரத்தம் தாராளமாக வர வழி செய்கின்றன. 2004இல் கேம்பிரிட்ஜின் ஆஷ்லி மொஃபெட் குழு காட்டியதையும் நீங்கள் அறிவீர்கள். தாயின் கொல்லிக் கலங்களில் அட்டையைப் படிக்கும் ஏற்பிகளும், பிள்ளையின் அட்டைப் புரதங்களில் ஒன்றான எச்எல்ஏ-சியும் பொருந்திய விதத்தில் இந்தக் கலங்கள் அளவுக்கு மிஞ்சி அடக்கப்படும்போதுதான் முன்சூல்வலிப்பு (கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறும் நோய்) ஆபத்து கூடியது. சுறுசுறுப்பு கூடியதால் இல்லை, குறைந்ததால்.

அப்படியென்றால் கைநரம்பில் எடுத்த இரத்தம் கருப்பைக்குள் நடப்பதைப் பற்றி என்ன சொல்லும்? ஒன்றும் சொல்லாது. ஆரோக்கியமானவர்களின் நிணநீர்க்குழியங்களில் ஏறத்தாழ 5 முதல் 20 சதவீதம் இவை இருப்பது சாதாரணம். படியேறினாலும் மனம் பதறினாலும் எண்ணிக்கை மாறும். காலி வீதி நெரிசலில் ஓட்டோ பிடித்து, நேரமாகிவிட்டதென்று மூன்று மாடி ஓடி ஏறியவளின் கையில் ஊசி போட்டு எடுத்த 17ஐ வட்டமிட்டிருக்கிறீர்கள். மொஃபெட்டும் இன்னும் இருவரும் 2004இலேயே பிரித்தானிய மருத்துவ இதழில் இதைக் கண்டித்து எழுதினார்கள். ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் 2023இல் இந்தப் பரிசோதனையைப் பரிந்துரைக்கவில்லை என்றே சொன்னது.

அப்புறம் மருந்து. தங்கச்சிக்கு நோயெதிர்ப்பை அடக்கும் பிரெட்னிசலோன் குளிசை எழுதினார்கள், இன்ட்ராலிபிட்டும் ஏற்றினார்கள். வாயால் சாப்பிட முடியாத நோயாளிகளுக்குக் கொழுப்புச் சத்துக் கொடுக்க வந்த சோயா எண்ணெய்க் கரைசல் அது. பால் மாதிரி வெள்ளையாக, சொட்டுச் சொட்டாக அவள் கையில் இறங்கியதை இரண்டு மணித்தியாலம் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இது கருவைக் காக்கும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. பிரெட்னிசலோன் சீனியையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். எங்கள் குடும்பத்தில் அம்மாவுக்கும் சீனி, மாமாவுக்கும் சீனி. அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அவள் கையெழுத்திட்ட படிவம் முழுக்க ஆங்கிலம்.

ஆரம்பத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்கு நிறமூர்த்தக் கோளாறே காரணம் என்பதை அவளிடம் யாராவது சொல்லியிருக்கலாம். காரணம் தெரியாமல் மூன்று தடவை இழந்த பெண்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் விசேட மருந்தில்லாமலே அடுத்த தடவை பிள்ளை பெறுகிறார்கள் என்பதையும் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். வெளியே வரிசையில் எத்தனை பேர் இருந்தாலும் அந்த ஐந்து நிமிடம் அவளுக்கு உரியது.

முறையான ஆய்வுக்குள், ஆய்வு என்று சொல்லி, பணம் வாங்காமல் நீங்கள் பரிசோதித்துப் பார்ப்பதை நான் எதிர்க்கவில்லை. நிரூபிக்கப்படாததை நிரூபிக்கப்படாதது என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுங்கள். அந்தத் தாளை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வரட்டும். ‘கொல்லி’ என்ற சொல்லை இழவு வீட்டிலிருந்து வந்தவளின் முன்னால் விளக்கமில்லாமல் போடாதீர்கள்.

தமிழில் எழுத ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன். சனிக்கிழமை பின்னேரங்களில் எனக்கு வேலை இல்லை.

இப்படிக்கு,
ஓர் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்,
வெள்ளவத்தை