ஆச்சா? ஆச்சு.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள், படிக்க அவசரப்படாதே. இந்தக் கடிதத்தைக்கூடப் பேத்தியை விட்டு வாசிக்கச் சொல். இங்கே அம்மாவுக்கு அப்படியேதான் இருக்கிறது. பகலில் தூங்குகிறாள், ராத்திரியில் பேசுகிறாள். நானும் தங்கையும் முறை வைத்துக்கொண்டு பக்கத்தில் படுக்கிறோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

பேத்திக்கு ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகம் பாடம் என்று எழுதியிருந்தாய். உவமை, உருவகம், முரண்தொடர், நாடக முரண் என்று ஒரு பட்டியலையே மனப்பாடம் செய்கிறாள், "இதையெல்லாம் நினைச்சுக்கிட்டா தாத்தா, ஷேக்ஸ்பியர் எழுதியிருப்பார்?" என்று கேட்கிறாள் என்றாய். நல்ல கேள்வி. பட்டியலைப் படிக்கட்டும், பரீட்சைக்கு வேண்டும். ஆனால் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நாடகம் முழுக்க அதன் பின்னாலேயே போய்ப் பார்க்கச் சொல். 'டன்' (done) என்ற ஆங்கிலச் சொல். அவள் கேட்டதற்கு அந்தச் சொல்லே பதில் சொல்லும்.

முதல் அங்கம், ஏழாம் காட்சி. டங்கன் மன்னன் மேக்பெத்தின் வீட்டில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அவனைக் கொன்று தானே அரசனாகும் எண்ணத்தோடு இருக்கும் படைத்தலைவன் மேக்பெத், பாதியில் எழுந்து வந்து தனியாக நிற்கிறான். "இஃப் இட் வேர் டன் வென் டிஸ் டன், தென் ட்வேர் வெல் இட் வேர் டன் குயிக்லி." ஒன்றரை வரிக்குள் மூன்று 'டன்'. சொல் திரும்ப வருகிறது என்று எழுதினாலே மார்க் கிடைத்துவிடும். ஆனால் மூன்றுக்கும் ஒரே பொருள் இல்லை, அதுதான் விஷயம். செய்வது ஒன்று, தீர்வது இன்னொன்று. நம் வீடுகளில் "சமையல் ஆச்சா?" என்று கேட்கிறோமே, அதில் செய்தாயா என்பதும் இருக்கிறது, முடிந்ததா என்பதும் இருக்கிறது. அந்த 'ஆச்சு'தான் இந்த 'டன்'. செஞ்சாச்சுன்னா அதோட ஆச்சு என்றிருந்தால், சீக்கிரமே ஆகிவிடட்டும் என்கிறான். எது என்று வாய் திறக்கவில்லை. 'இட்'. அது. அடுத்த வாக்கியத்தில் கொலைக்கு ஒரு சொல் வருகிறது, அதுவும் 'அசாசினேஷன்' என்று லத்தீன் சாயலில் நீண்டு வருகிறது.

மேக்பெத்தும் மனைவி லேடி மேக்பெத்தும் பேசிக்கொள்ளும்போதும் பெரும்பாலும் இதே கதைதான். இன்றிரவின் பெரிய காரியம் என்கிறாள் அவள். இந்த வேலையில் இதற்கு மேல் போக வேண்டாம் என்கிறான் அவன். செத்தார் என்னாமல் துஞ்சினார் என்று சொல்வதை நம் இலக்கணம் மங்கலம் என்கிறது. நாம் இழவு வீட்டில் மரியாதைக்காகச் செய்வதை இவர்கள் கொலைக்கு முன்னால் செய்கிறார்கள். துஞ்சுதல் என்றால் தூக்கம்தானே. தூங்கிக்கொண்டிருந்தவனைக் கொன்றுவிட்டு வருகிறவன் காதில், மேக்பெத் தூக்கத்தையே கொன்றுவிட்டான் என்று ஒரு குரல் கேட்கிறது. அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு 'துஞ்சினார்' நினைவு வரும்.

கொன்றுவிட்டுப் படியிறங்கி வந்து அவன் சொல்வது, "ஐ ஹாவ் டன் த டீட்." ஆச்சு. அதற்குப் பின் இருவருக்கும் பேச்சே ஓடவில்லை. "நீங்க பேசலையா?" "எப்போ?" "இப்போ." "நான் இறங்கும்போதா?" முழு வாக்கியம் பேச மூச்சில்லை. மூலத்தில் இந்த நான்கு துண்டுகளும் சேர்ந்துதான் ஒரே ஒரு செய்யுள் வரி. ஒரு வரியை இரண்டு பேர் நான்காக ஒடித்துக்கொள்கிறார்கள். இதை அவளும் நீயும் உரக்கப் படித்துப் பாருங்கள். அந்த இருட்டு உங்கள் கூடத்துக்கே வந்துவிடும். கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டும் சத்தம் தொடங்கும். நம் சார் அந்த இடத்தில் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு மேசையைத் தட்டியது ஞாபகம் இருக்கிறதா? கடைசி பெஞ்சுகூட அடங்கிப்போனது.

கடல் முழுதும் சேர்ந்தாலும் என் கை ரத்தம் போகுமா என்று கேட்கிறான் அவன். கொஞ்சம் தண்ணீர் போதும் என்கிறாள் அவள். மூன்றாம் அங்கத்தில் அரசனான பிறகும் தூக்கமில்லாமல் தவிக்கிறவனிடம் "வாட்ஸ் டன் இஸ் டன்" என்கிறாள். ஆனது ஆச்சு. நம் பெண்கள் சொல்லும் அதே தொனி.

இனி ஐந்தாம் அங்கம். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடு. இந்த நாடகத்தில் பெரிய மனிதர்கள் பேசுவது பெரும்பாலும் செய்யுளில், மெல்லிய அசையும் அழுத்தமான அசையுமாக ஒரு வரிக்கு ஐந்து இணை. சூனியக்காரிகளுக்குத் தாளமே வேறு, அழுத்தத்தில் தொடங்கி நான்கு தட்டு: "டபுள், டபுள், டாயில் அண்ட் ட்ரபுள்." வாயிற்காவலனுக்கு உரைநடை. லேடி மேக்பெத்தும், கணவனின் கடிதத்தை வாசிக்கும் இடம் தவிர, செய்யுளில்தான் பேசிவந்தாள். தூக்கத்தில் நடந்து வரும்போது அவளிடம் செய்யுள் இல்லை. ஒரு காலத்தில் இரவே வா என்று இருட்டைக் கூப்பிட்டவள், இப்போது விளக்கில்லாமல் இருப்பதில்லை. பேசுவதெல்லாம் பழைய பேச்சின் துண்டுகள். ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறாள். கிழவனுக்குள் இவ்வளவு ரத்தமா என்கிறாள். அரேபியாவின் வாசனைத் திரவியம் எல்லாம் போட்டாலும் இந்தச் சின்னக் கை மணக்காது என்கிறாள். 'கொஞ்சம்' தண்ணீருக்கு அன்று சொன்ன 'லிட்டில்'தான் இந்தச் 'சின்ன'க் கைக்கும் வருகிறது. கதவைத் தட்டுகிறார்கள், வா, வா என்கிறாள். கடைசியில் "வாட்ஸ் டன் கேனாட் பி அன்டன்." ஆனதை ஆகாததாக்க முடியாது. நினைத்து எழுதாமல் ஒரு சொல் நான்கு அங்கம் காத்திருந்து இப்படித் திரும்பி வராது என்று பேத்தியிடம் சொல்.

அந்தக் காட்சியில் ஒரு வைத்தியர் ஒதுங்கி நின்று அவள் சொல்வதையெல்லாம் எழுதிக்கொள்கிறார். கல்லூரியில் அவரை நான் கவனித்ததே இல்லை. இப்போது என் கையிலும் ஒரு நோட்டு இருக்கிறது. அம்மா முப்பது வருஷம் தமிழ் நடத்தியவள், உனக்கே தெரியும். ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டு நான் கேட்டதில்லை. இப்போது ராத்திரி ரெண்டு மணிக்கு, "அரிசி களைஞ்சாச்சா... பெரியவன்... கொல்லைக் கதவு சாத்தியாச்சா... யாரோ தட்டறாங்க பாரு." எல்லாம் அறுபது வருஷத்துக்கு முந்தைய வீடு. அவள் மனதில் குற்றம் ஒன்றும் இல்லை, செய்து முடிக்காத வேலைதான் இருக்கிறது. ஆனால் பேச்சு உடைகிற விதம், எந்தச் சொல் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது, ஷேக்ஸ்பியர் இதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நேற்று என் முறை. "ஆச்சா?" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "எல்லாம் ஆச்சும்மா, நீ தூங்கு" என்றேன். தூங்கிவிட்டாள். நான் விளக்கை அணைக்காமல் நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தேன்.

பேத்தி படித்துவிட்டு என்ன சொன்னாள் என்று எழுது. தையில் இந்தப் பக்கம் வருவதானால் அவளையும் கூட்டிக்கொண்டு வா. அம்மாவுக்குப் பகலில் உன் பெயர் இன்னும் மறக்கவில்லை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சு நண்பன்