கில்டாலுக்கு ஒரு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த கம்ப்யூட்டர் வரலாற்றுக் கட்டுரையில் கேரி கில்டாலுக்குக் கிடைத்தது ஒரே வரி: ஐபிஎம் ஆட்கள் தேடி வந்த நாளில் விமானம் ஓட்டப் போனவர். மனசு கேட்கவில்லை.

கலிபோர்னியாவின் மான்டரேயில் கடற்படை முதுநிலைக் கல்லூரியில் பாடம் நடத்திய கில்டால், 1974-ல் சிபி/எம் என்ற இயங்குதளத்தை, அதாவது கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருளை, உருவாக்கினார். அன்று ஒவ்வொரு நிறுவனத்தின் கம்ப்யூட்டரும் ஒவ்வொரு மாதிரி. வன்பொருளோடு நேரடியாகப் பேசும் பகுதியை மட்டும் அவர் தனியே பிரித்து, பயாஸ் என்று பெயர் வைத்தார். புது மாடல் வந்தால் அந்தச் சின்னப் பகுதியைத் திருத்தினால் போதும், மற்றதெல்லாம் அப்படியே ஓடும். கடிதம், கட்டுரை தட்டச்சு செய்ய உதவிய வேர்ட்ஸ்டார் போன்ற மென்பொருளைப் பல நிறுவனக் கம்ப்யூட்டர்களுக்கும் விற்க முடிந்தது இதனால்தான். இன்று நாம் 'சி டிரைவ்' என்கிறோமே, அந்த எழுத்து வழக்கமும் சிபி/எம்மிலிருந்து மைக்ரோசாஃப்டின் டாஸ் இயங்குதளம் வழியாக வந்ததுதான்.

1980-ல், தன் புதிய பிசிக்கு இயங்குதளம் தேடி ஐபிஎம் வந்த அந்த நாளில் அவர் பறந்தது உல்லாசத்துக்கு அல்ல, வாடிக்கையாளரைப் பார்க்க. ஐபிஎம் நீட்டிய ரகசியக்காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடத் தயங்கியவர், கில்டாலின் நிறுவனத்தை அவருடன் சேர்ந்து நடத்திய மனைவி டோரதி. அப்புறம் நடந்தது பற்றி இரு தரப்பும் வேறுவேறாகச் சொல்கின்றன. பின்னாளில் ஐபிஎம் இரண்டு இயங்குதளங்களையும் விற்றது. மைக்ரோசாஃப்டின் பிசி டாஸ் 40 டாலர், கில்டாலின் சிபி/எம்-86 சுமார் 240 டாலர். என் பார்வையில் அவரைத் தோற்கடித்தது இந்த விலைதான்.

1994-ல், 52 வயதில் மறைந்த அவரைப் பற்றித் தனிக் கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

- கணினி ஆசிரியர், திண்டுக்கல்