கோடையில் தோட்டத்தில் செய்ய வேண்டியதும், கை வைக்கக் கூடாததும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பங்குனி பிறந்துவிட்டால் நர்சரிக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். "தம்பி, ஒரு ஆளை அனுப்புப்பா. மாடியெல்லாம் புதராக் கெடக்கு. வெட்டிவிட்டு அப்படியே தொட்டியையும் மாத்திரலாம்." பரீட்சை முடியப் போகிறது, லீவுக்குப் பேரப்பிள்ளைகள் வருவார்கள், சித்திரைத் திருவிழாவுக்கு வீடு நிறைய விருந்தாளிகள். அதற்குள் மாடி லட்சணமாக வேண்டும் என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் ஏப்ரல், மே இரண்டு மாதமும் தொட்டி மாற்றும் வேலையையும் கிளைகளை வெட்டிவிடுகிற கவாத்து வேலையையும் நாங்கள் எடுப்பதில்லை. போனில் சுருக்கமாகச் சொன்னால் தட்டிக்கழிப்பது போலத் தெரிகிறது என்பதால்தான் இந்த மடல்.

தொட்டி மாற்றும்போது மண்ணோடு சேர்ந்து மெல்லிய நுனிவேர்கள் அறுந்துபோகும். தண்ணீரை உறிஞ்சுகிற வேலையைப் பெரும்பாலும் பார்ப்பவை அவைதான். அவை மறுபடி விட்டு வரச் சில வாரம் ஆகும். அதுவரை இலைகள் சும்மா இருக்காது, வழக்கம்போல நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். 40 டிகிரி வெயிலில் இந்த வரவு செலவு கட்டாது. செடி துவளும், நாம் பதறிப்போய் இன்னும் இரண்டு குடம் ஊற்றுவோம், மிச்சமிருக்கும் வேரும் அழுகும். கவாத்திலும் இதே கதைதான். இலைகளின் நிழலில் இருந்த தண்டு திடீரென்று வெயிலில் பட்டால் பட்டை வெந்துபோகும். வெட்டிய இடத்தில் துளிர்க்கும் இளந்தளிரும் மத்தியான வெயிலில் கருகும். ஆடி பிறக்கட்டும், நாங்களே போன் செய்து ஆளை அனுப்புகிறோம்.

மல்லியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ நம் மதுரைப் பூ. அப்படியிருந்தும் வருஷா வருஷம் பங்குனியில் மல்லியை மொட்டையடித்துவிட்டு, "இந்தச் செடி பூக்கவே மாட்டேங்குது" என்று நம்மிடம் வருகிறவர்கள் உண்டு. மல்லிக்குக் கவாத்துக் காலம் நவம்பர் கடைசி. தரையிலிருந்து 50 செ.மீ., ஏறத்தாழ ஒரு முழம் விட்டு வெட்ட வேண்டும். பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. மார்ச் முதல் ஜூன் வரை மல்லி கொட்டிப் பூக்கும் காலம். மார்கழியில் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிற பூவின் விலை, மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் இப்போது இறங்குவது அதனால்தான். இந்த நேரத்தில் கத்தரி வைத்தால் வெட்டுவது மொட்டுகளைத்தான். காய்ந்த குச்சியை மட்டும் எடுத்துவிடுங்கள். ஒரு சுற்றுப் பூத்து முடிந்த நுனியைக் கிள்ளிவிட்டால் போதும், பக்கக் கிளை வரும்.

கிள்ளும்போது இலையைத் திருப்பியும் பாருங்கள். மேல்பக்கம் வெளிறி, ஊசியால் குத்தியது போலப் புள்ளி விழுந்திருந்தால், ஒரு வெள்ளைக் காகிதத்தை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். உதிர்ந்த தூசி மெதுவாக நகர்ந்தால் அது சிவப்புச் சிலந்தி. வறண்ட வெயில் அதற்குக் கொண்டாட்டம். மருந்துக்கு ஓடுவதற்கு முன், காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி ஹோஸில் தண்ணீரை வேகமாக அடித்துப் பாருங்கள். மூன்று நான்கு நாளில் பாதி குறையும். மொட்டில் ஓட்டை தெரிந்தால் அது மொட்டுப்புழு. அந்த மொட்டுகளைப் பறித்து அழித்துவிடுங்கள், தொட்டியிலேயே போட வேண்டாம்.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்திருக்கும், வராத வீடு குறைவு. 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எதையும் விடவில்லை. 2010-இல் வெளிநாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அது அடங்கியது. நம் மாடியிலும் இப்படி நன்மை செய்யும் பூச்சிகள் உண்டு. எடுத்தவுடன் கடுமையான மருந்தடித்தால் முதலில் சாவது அவைதான். பூச்சி அடர்ந்த நுனியை ஒடித்துப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். மீதிக்கு 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து தெளியுங்கள். வெயில் இறங்கிய பிறகு மட்டும். உச்சி வெயிலில் எண்ணெய் பட்ட இலை கருகும்.

சுத்தம் செய்தே தீருவேன் என்றால் அதற்கும் வேலை இருக்கிறது. பொங்கல் சமயத்தில் வாங்கிய பெட்டூனியா, டயாந்தஸ் எல்லாம் குளிர்காலத்துச் செடிகள். அவற்றின் காலம் முடிந்தது, தயங்காமல் பிடுங்குங்கள். சாமந்தியைப் பிடுங்க வேண்டாம். பூத்த தண்டை வெட்டிவிட்டு அடியில் வரும் பக்கக்கன்றுகளை நிழலில் காப்பாற்றி வைத்தால் அடுத்த பருவத்துக்கு நாற்று ஆகும். களை எடுங்கள். தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் தண்ணீர் தேங்கவிடாமல் வாரம் ஒருமுறையாவது கவிழ்த்துத் துடையுங்கள், டெங்குக் கொசு வளர அந்தத் தண்ணீர் போதும்.

கூட்டி அள்ளிய சருகை மட்டும் தயவுசெய்து குப்பை வண்டிக்குக் கொடுக்காதீர்கள், எரிக்கவும் வேண்டாம். இந்தக் கோடைக்கு நாங்கள் சொல்லக்கூடிய ஒரே பெரிய யோசனை மூடாக்குதான். தொட்டி மண்ணின் மேல் இரண்டு அங்குலத்துக்குச் சருகோ, காய்ந்த புல்லோ, தேங்காய் நாரோ பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் இரண்டு விரல் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் அடித்தண்டு அழுகும். மூடாக்கு போட்ட தொட்டியிலும் போடாத தொட்டியிலும் மத்தியானம் விரலை விட்டுப் பாருங்கள், ஒன்று ஈரமாக இருக்கும், மற்றது சுடும். இதற்கு எங்களிடம் எதுவும் வாங்க வேண்டியதில்லை. வேப்பமரம் உள்ள வீட்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள், சருகும் கிடைக்கும், பூவும் கிடைக்கும். மரத்தடியில் பழைய வேட்டியை விரித்துப் பூவைச் சேகரித்துக் காயவைத்தால் வருஷம் முழுக்க ரசத்துக்கு ஆகும்.

தண்ணீர் காலையில் ஊற்றுங்கள், அடித்துளையில் கசியும்வரை. மாடித் தண்ணீர் டேங்கிலிருந்து மத்தியானம் ஹோஸைத் திறந்தால் முதலில் வருவது வெந்நீர், அதைச் செடியில் பிடிக்க வேண்டாம். நிழல்வலை கட்டுகிறவர்கள் பாதி வெயிலை மறைக்கிற 50 சதவீத வலை வாங்கினால் போதும். செடிக்கு மேல் காற்றுப் போக உயரம் விட்டு, மேற்குப் பக்கம் கொஞ்சம் இறக்கிக் கட்டுங்கள். உரம் குறையட்டும். யூரியா வேண்டவே வேண்டாம், ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும்.

சரி, இப்போது என்ன பூச்செடி வாங்கலாம்? காகிதப்பூ. தண்ணீரைக் கொஞ்சம் காயவிட்டு ஊற்றினால்தான் அது நன்றாகப் பூக்கும். நிழல்வலைக்கு வெளியே வையுங்கள். வெயில் ஏறத் திறக்கும் பத்துமணிப்பூ, வாடாமல்லி, இட்லிப்பூ, அரளி எல்லாம் இந்த வெயிலைத் தாங்கும். இடமிருந்தால் சரக்கொன்றைக் கன்று வையுங்கள். ஆனால் தரையில்தான், தொட்டியில் வைத்துவிட்டுப் பூவுக்குக் காத்திருக்க வேண்டாம். ரோஜா எங்கள் கடையில் வரிசையாக நிற்கிறது, விற்கத்தான் வைத்திருக்கிறோம். இருந்தாலும் புதிதாகச் செடி வளர்க்கிறவர்கள் இந்த இரண்டு மாதம் அதைப் பார்த்துவிட்டுப் போங்கள். ஆசை அடங்கவில்லை என்றால் பன்னீர் ரோஜா எடுங்கள், அது வெயிலுக்குக் கொஞ்சம் பழகியது. மல்லி நாற்று தங்கச்சிமடத்திலிருந்து வந்திருக்கிறது. அதையும் வாங்கி, பையோடு நிழலில் வைத்திருந்து பிறகு நடுவது நல்லது.

அப்புறம் அன்பளிப்பு. தோட்டம் வைத்திருப்பவருக்குச் செடி கொடுப்பது பாதி நேரம் சுமையாகத்தான் முடிகிறது. அவரிடம் இடம் இருக்காது, அல்லது அதே செடி ஏற்கெனவே இருக்கும். அவர் தனக்கென்று வாங்கத் தயங்குகிற பொருளைக் கொடுங்கள். நல்ல எஃகில் செய்த, கிளை வெட்டும் கத்தரியான செக்கேட்டர் ஒன்று போதும், மழுங்கினால் சாணை பிடித்துப் பல வருஷம் ஓட்டலாம். பெரியவர்களுக்குப் பூவாளி என்றால் 5 லிட்டருக்கு மேல் வேண்டாம். 10 லிட்டர் நிரப்பினால் 10 கிலோ, மாடிப்படியில் யார் தூக்குவது? ஒரு மூட்டை மண்புழு உரமும் 5 கிலோ தேங்காய்நார்க் கட்டியும் கொடுத்தால் பார்க்கப் பகட்டாக இருக்காது, வாங்கியவர் முகத்தைப் பாருங்கள் தெரியும். செடிதான் கொடுக்க வேண்டும் என்றால் அடீனியம் கொடுங்கள். வெயிலில் பூக்கும், வாரம் ஒருநாள் தண்ணீர் மறந்தாலும் கோபிக்காது. அதன் பாலில் விஷம் உண்டு, சின்னக் குழந்தைகள் உள்ள வீடு என்றால் சொல்லிக் கொடுங்கள். எதுவானாலும் ஜிகினா பேப்பர் சுற்றித் தர மாட்டோம், இந்த வெயிலில் உள்ளே செடி அவிந்துவிடும்.

வைகாசி முகூர்த்தத்துக்குத் தாம்பூலத்தோடு கன்று கொடுக்க நினைப்பவர்கள் மூன்று வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். பை மண்டபத்தில் ராத்திரிவரை கிடக்கும் என்பதால் சோற்றுக்கற்றாழை, கற்பூரவல்லி இரண்டையும்தான் தருவோம், துளசி தாங்காது.

கோடை முடியும்வரை கடை நேரம் காலை 6.30 முதல் 11 வரை, மாலை 4 முதல் 8 வரை. நடுப்பகலில் செடியை வண்டியில் ஏற்றித் தரச் சொல்லாதீர்கள். லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் தொட்டிகளை நிழலில் நெருக்கி வைத்து, ஒரு பக்கெட் தண்ணீரிலிருந்து பழைய வேட்டித் திரியை ஒவ்வொரு தொட்டி மண்ணுக்கும் இழுத்துவிட்டால் சில நாள் தாங்கும். எப்படி என்று கடையில் ஒரு தொட்டியில் கட்டிக் காட்டியிருக்கிறோம், வந்து பாருங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் அன்று கடை விடுமுறை. பையன்கள் ஒருவரும் வர மாட்டார்கள், நாங்களும்தான்.

இப்படிக்கு,
உங்கள் நர்சரிக்காரர்கள், மதுரை