'சர்வர் கோளாறு'ன்னு எழுதறதோட நிறுத்திடாதீங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கமுங்க,

உங்க பேப்பர்ல மாசத்துக்கு ரெண்டு தடவையாச்சும் 'சர்வர் கோளாறு, பொதுமக்கள் அவதி'ன்னு ஒரு செய்தி வந்துடுது. மழை பெஞ்சுது, மரம் சாஞ்சுதுங்கற மாதிரி சர்வரும் அதுபாட்டுக்கு சாஞ்சிட்டதா எழுதறீங்க, மறுநாள் 'கோளாறு சரி செய்யப்பட்டது'ன்னு கடைசில ஒரு வரி. என்ன கோளாறு, எதைச் சரி பண்ணாங்க, அது மட்டும் வரவே வராது. நான் ஈரோட்டுல பதினோரு வருசமா சர்வர் பாத்துக்கற வேலைல இருக்கேனுங்க, அந்த 'சரி செய்யப்பட்டது'க்கு முக்காவாசி நேரம் என்ன அர்த்தம்னு தெரியும். ரீஸ்டார்ட் பண்ணியிருப்பாங்க, அவ்வளவுதான்.

நானே அப்படித்தான் பண்ணிட்டிருந்தேன், அதான் தைரியமா எழுதறேன்.

முன்ன ஒரு கம்பெனில இருந்தேன், பேர் வேணாம். சில காலேஜ்களுக்கு ஆன்லைன்ல ஃபீஸ் கட்டற சைட் நடத்துனோம். ஜாவால எழுதுன சைட், அதை ஓட்ட டாம்கேட், பின்னாடி விவரமெல்லாம் சேத்து வெக்க மைஎஸ்க்யூஎல்ங்கற டேட்டாபேஸ், முன்னாடி வர்றவங்கள வாங்கி உள்ள அனுப்ப என்ஜின்எக்ஸ், எல்லாரும் வெச்சிருக்கறதுதான். ரெண்டு நாளைக்கு ஒருக்கா தொங்கிரும். செத்தும் போகாது, பதிலும் சொல்லாது, பக்கத்தத் தொறந்தா ஒரு நிமிசம் சுத்திட்டு 504ன்னு (உள்ள இருந்து நேரத்துக்குப் பதில் வரலன்னு அர்த்தம்) வந்து நிக்கும். மெமரி பத்தலன்னு 8 ஜிபி ரேமை 16 ஆக்குனோம், ஹீப்பை, அதாவது ஜாவாவுக்குன்னு ஒதுக்கற மெமரிய, ஏத்திக் குடுத்தோம், ஒண்ணும் நடக்கல. டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பூல்ல (சைட் டேட்டாபேஸ் கூடப் பேச மாத்தி மாத்தி எடுத்துக்கற இணைப்புகளோட தொகுப்பு) 50 இருந்ததை ஒரு ஜூனியர் பையன் 100 ஆக்குனான், ரெண்டு நாளைக்கு ஒருக்கா தொங்குனது நாலு நாளைக்கு ஒருக்கா ஆச்சு. அன்னைக்கே எனக்குப் பொறி தட்டியிருக்கணும், அளவை ரெண்டு மடங்கு ஆக்குனா நாளும் ரெண்டு மடங்கு ஆகுதுன்னா எங்கயோ ஒழுகுதுன்னுதானே அர்த்தம். நான் என்ன பண்ணேன், பரவாயில்லையேன்னு சந்தோசப்பட்டுட்டு விடியக்காலம் 4 மணிக்கு தானா ரீஸ்டார்ட் ஆகற மாதிரி க்ரான்ல (குறிச்ச நேரத்துக்கு வேலைய தானா ஓட்டி விடறது) ஒரு வரி போட்டுட்டு தூங்கப் போயிட்டேன். ஏழு மாசம் சத்தமே இல்ல. முதலாளி என்னைப் பாராட்டுனார்ங்க, அதை நெனச்சாத்தான் இன்னைக்கும் வெக்கமா இருக்கு.

அப்புறம் ஃபீஸ் கட்ட கடைசி நாள் வந்துச்சு. காலைல 11 மணிக்கே தொங்கிடுச்சு. ரீஸ்டார்ட் பண்ணேன், ஒரு மணி நேரத்துல மறுபடி. மறுபடி ரீஸ்டார்ட். மத்தியானம் கோபிசெட்டிபாளையம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா போன் பண்ணுச்சு, "கண்ணு, பணம் போயிருச்சு, ரசீது வரலயே, மறுபடியும் கட்டோணுமா?"ன்னு. பேங்க்ல இருந்து 'பணம் வந்துச்சு'ன்னு எங்க சர்வருக்கு தகவல் வர்ற நேரம் பாத்து நான் ரீஸ்டார்ட் அடிச்சிருக்கேன், அது பதிவாகல. அந்தம்மா கணக்குல பணம் கழிஞ்சிடுச்சு, எங்க கணக்குல கட்டாத ஆளு. மெதுவா ஓடிட்டிருந்தவங்க வேலையையும் சேத்துக் கலைச்சு விடறதுதாங்க ரீஸ்டார்ட்.

அன்னைக்கு ராத்திரி மறுபடி தொங்குனப்ப கை ரீஸ்டார்ட்டுக்குப் போச்சு, நிறுத்திட்டேன். சர்வர் எவ்வளவு வேலை செய்யுதுன்னு காட்டற 'டாப்' கமாண்ட் போட்டுப் பாத்தா சிபியு 3 சதவீதம், மெமரி தாராளமா கெடக்கு. மூச்சு முட்டி நிக்கற சர்வர் இல்ல, சும்மா நிக்கற சர்வர். 'ஜேஸ்டேக்'னு ஒரு கமாண்ட் இருக்கு, ஜாவாவுக்குள்ள ஒவ்வொரு த்ரெட்டும் (ஒரு நேரத்துல ஒருத்தரோட வேலைய எடுத்துச் செய்யற ஆள் மாதிரி) அந்த நொடில எந்த வரில நிக்குதுன்னு காட்டிரும். பத்து பத்து செகண்ட் விட்டு மூணு தடவ எடுத்தேன். டாம்கேட் சாதாரணமா 200 த்ரெட் வரைக்கும் வெச்சிருக்கும், மூணு தடவையும் அத்தனையும் ஒரே எடத்துல, டேட்டாபேஸ் கனெக்‌ஷன் குடுங்கன்னு கை நீட்டிட்டு. சரி டேட்டாபேஸ் திணறுதான்னு அந்தப் பக்கம், எந்த இணைப்பு என்ன பண்ணுதுன்னு காட்டற 'ஷோ பிராசஸ்லிஸ்ட்' போட்டா நூறு கனெக்‌ஷனும் 'ஸ்லீப்'. இங்க காத்திருக்கான், அங்க தூங்கறான்.

டீக்கடைய நெனச்சுக்கோங்க. பால் கொதிக்குது, டிகாஷன் இருக்கு, மாஸ்டர் சும்மா நிக்கறார், வெளிய கூட்டம். ஆனா டீ வராது, ஏன்னா கடைல இருந்த நூறு கிளாஸையும் எடுத்துட்டுப் போனவங்க திருப்பித் தரல. இதுக்குப் போய் பெரிய அடுப்பு வாங்குனா? நாங்க வாங்குன ரேம் அதுதான்.

கிளாஸ எடுத்துட்டுப் போனது யாருன்னு கண்டுபிடிக்கவும் வழி இருக்கு, டாம்கேட் பூல்லயே 'லாக்அபான்டன்ட்'னு ஒரு செட்டிங், வாங்கிட்டுப் போயி குறிச்ச நேரத்துக்குள்ள திருப்பாதவன் எந்தக் கோட்ல இருந்து வந்தான்னு லாக்ல, அதாவது சர்வர் நடந்ததை எழுதி வெக்கற குறிப்புல, எழுதிக் குடுத்துரும். போட்டு விட்டு அரை மணி நேரத்துல ஆள் சிக்கிட்டான். மாணவரோட ரிஜிஸ்டர் நம்பரத் தேடற பக்கம். நம்பர் தப்பா இருந்தா 'சரியான எண்ணை உள்ளிடவும்'னு சொல்லிட்டு பாதிலயே திரும்பிடுது, கனெக்‌ஷன மூடற வரி அதுக்குக் கீழ இருக்கு. தப்பா டைப் பண்ற ஒவ்வொருத்தருக்கும் ஒரு கிளாஸ் காலி. சாதாரண நாள்ல தப்பு கம்மி, கடைசி நாள்ல அவசரத்துல அத்தனை பேரும் தப்பா அடிப்பாங்க. திருத்துனது நாலே வரி. ஜாவா 7ல, அதாவது 2011லயே, தானா மூடிக்கற மாதிரி எழுத வசதி வந்துடுச்சு, எங்க கோட் அதுக்கும் முந்தினது.

ரீஸ்டார்ட்டே தப்புன்னு சொல்ல வரலீங்க. 2012 ஜூன் கடைசி நாள்ல உலகக் கடிகாரத்துல ஒரு லீப் செகண்ட், அதாவது கூடுதலா ஒரு நொடி, சேத்தாங்க, நம்ம நேரத்துக்கு ஜூலை 1 காலைல அஞ்சரை மணி. லினக்ஸ்ங்கற ஆபரேட்டிங் சிஸ்டத்துல இருந்த ஒரு பிழையால ஊரு உலகத்துல ஜாவா ஓடுன சர்வர் பலது சிபியு எகிறி நின்னுச்சு, அதுக்கு மெஷினையே அணைச்சுப் போடணும், இல்ல தேதிய ஒருக்கா திருப்பி வெக்கணும். அதையுமே நடந்தது என்னன்னு உக்காந்து பாத்தவங்கதான் கண்டுபிடிச்சாங்க. அமெரிக்காவுல 2013 அக்டோபர் 1ஆம் தேதி அரசாங்கம் ஹெல்த்கேர் டாட் கவ்னு இன்சூரன்ஸ் சைட் தொறந்துச்சே, மொத நாள் முழுசா பதிவு முடிச்சவங்க 6 பேர். காப்பாத்தப் போன குழு பாத்தா சைட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு பாக்க ஒழுங்கான கண்காணிப்பே இல்ல, மொதல்ல அதத்தான் மாட்டுனாங்க. அங்க இதெல்லாம் செய்தில வந்துச்சு, அதனாலதான் ஈரோட்டுல இருக்கற எனக்குத் தெரியுது.

அதனால உங்க நிருபர்கிட்ட சொல்லுங்க, அடுத்த தடவ கவுன்டர்ல உக்காந்திருக்கற பொண்ணு முன்னாடி ஜனம் கத்தறதப் படம் எடுத்துட்டு வந்துராம (அந்தப் பொண்ணு என்ன பண்ணும் பாவம்) உள்ள பொறுப்பா இருக்கறவங்களத் தேடிப் புடிச்சுக் கேக்கச் சொல்லுங்க: ரீஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி லாக் எடுத்தீங்களா, அதுல என்ன இருந்துச்சு? 'எடுக்கல'ன்னு சொன்னா அதையே தலைப்பாப் போடுங்க.

அந்தக் கம்பெனிய விட்டு வந்து நாளாச்சு. வர்றப்ப அந்த 4 மணி க்ரான் வரிய அழிக்கல, முன்னாடி ஒரு ஹேஷ் (#) மட்டும் போட்டு அது ஓடாம பண்ணி, ஏன் போட்டேன், ஏன் எடுத்தேன்னு பக்கத்துல தேதியோட எழுதி வெச்சுட்டு வந்தேன்.

இப்படிக்கு,
உங்க வாசகன்,
ஈரோடு