மகனுக்கு, பிரஷர் மாத்திரை விஷயமாக

கண்ணு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேச்சை எடுத்தாலே "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். ரூமில் கூட நாலு பேர் இருப்பார்கள், எல்லாவற்றையும் பேச முடியாது, தெரிகிறது. மேலத்தெரு பையன் லீவு முடிந்து துபாய்க்குத்தான் வருகிறான். இதை ஒட்டி அவனிடம் கொடுத்திருக்கிறேன். தனியாக இருக்கும்போது படி.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அக்காவுக்கு ஏழாவது மாசம். கிணற்றுமேட்டு மா நன்றாகப் பூத்திருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? மெஸ் சாப்பாட்டில் ஊறுகாயும் அப்பளமும் தினமும் வைப்பார்கள், அதைக் குறைத்துக்கொள்.

எனக்கு வேலை சரியாக இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் நம்ம மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் மக்களைத் தேடி மருத்துவத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். மகளிர் குழுவிலிருந்து அந்தத் திட்டத்து வேலைக்கு என்னை எடுத்தபோது உன்னைப்போல் யாரும் சந்தோஷப்படவில்லை. 2024-ல் திட்டத்துக்கு ஐ.நா. விருது கிடைத்த செய்தியையும் நீதான் எனக்கு அனுப்பினாய். அதை இன்னும் போனில் வைத்திருக்கிறேன்.

வீடு வீடாக மாத்திரை கொடுப்பதுதான் என் வேலை என்று ஊரில் நினைக்கிறார்கள். கொடுப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? கொடுத்ததைச் சாப்பிட்டார்களா, பெரியாஸ்பத்திரியில் மாற்றிக் கொடுத்தது நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்து (பி.எச்.சி.) டாக்டருக்குத் தெரியுமா, ரத்தம் எடுக்கப் போன ரிசல்ட் எங்கே, இதையெல்லாம் யாராவது ஒருத்தர் பிடித்து வைத்திருக்க வேண்டும். சுகரும் பிரஷரும் ஊசி போட்டால் போய்விடுகிற காய்ச்சல் இல்லையே. வருஷக்கணக்கில் போகிற விஷயம். நடுவில் ஒரு கை விட்டாலும் ஆள் விழுந்துவிடுகிறார்.

தெற்குத் தெரு பெரியம்மாவைப் பார். கால் இரண்டும் வீங்கி, எழுந்தால் கிறுகிறுப்பு. வயசாகிவிட்டது என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். நான் போய் இருக்கிற மாத்திரை அத்தனையும் கொண்டுவரச் சொல்லிப் பாயில் பரப்பினேன். பி.எச்.சி.யில் கொடுத்த அட்டை ஒன்று. ஓசூரில் பிரைவேட் டாக்டர் எழுதிய அட்டை ஒன்று. பெயர் வேறு, நிறம் வேறு. திருப்பிப் பிடித்து அடியில் இருந்த சின்ன எழுத்தைப் படித்தால் இரண்டிலும் அம்லோடிபின், பிரஷர் மருந்து. பாவம், ஒரே மருந்தைக் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று போட்டுக்கொண்டிருந்தார்கள். நானாக எதையும் நிறுத்தச் சொல்லக்கூடாது. துணை சுகாதார நிலைய நர்ஸுக்குப் போன் போட்டு, அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஒன்றை நிறுத்தினார். வீக்கம் வடிந்துவிட்டது. அந்த டாக்டரும் தப்பாக எழுதவில்லை, இவரும் தப்பாக எழுதவில்லை. ஒருத்தர் சீட்டை இன்னொருத்தர் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பால் சொசைட்டி பக்கத்து வீட்டு அண்ணனுக்குக் கிட்னி போய், வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே டயாலிசிஸ் நடக்கிறது. அதற்கான திரவப் பை நம்ம திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது. அவர் மனைவி கை கழுவுவதைப் பார்க்க வேண்டும், முழங்கை வரை சோப்பு போட்டு, ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்தித்தான் பையைத் தொடுகிறாள். வெளியே வருகிற தண்ணீர் கலங்கலாக இருந்தால் வயிற்றுக்குள் கிருமி போய்விட்டது என்று அர்த்தம், அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை இதைச் செய்கிறாள். அவரிடம் எப்படி ஆயிற்று என்று கேட்டேன். "பிரஷர் நார்மல் ஆயிடுச்சுன்னு மாத்திரையை விட்டேன்" என்றார். உன்னைவிட ரெண்டு வயசு பெரியவர்.

அவர் சொன்னதைத்தான் நிறைய வீட்டில் கேட்கிறேன். நார்மல் ஆனது மாத்திரையால்தான். அதை விட்டால் மறுபடி ஏறும், ஏறுவது தெரியாது. தலை வலிக்காது, மயக்கம் வராது. உங்க அப்பாவுக்கு அன்றைக்குக் காலையில்கூட ஒன்றும் இல்லை. அதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை.

நீ துபாய்க்குக் கிளம்பிய மறுநாள் பீரோவைத் துடைத்தேன். மேல்தட்டில், உன் பழைய சட்டைக்கு அடியில் அந்த கவர் இருந்தது. உன் பிரஷர் மாத்திரையை நான் தேதி எழுதிப் போட்டுக் கொடுத்த கவர்தான். ஒரு அட்டைகூடப் பிரிக்கவில்லை. மறந்து வைத்துவிட்டுப் போயிருப்பாய் என்று அக்காவிடம் சொன்னேன். மறந்தவன் சட்டைக்கு அடியில் வைப்பானா, கண்ணு?

உன்னை நான் குறை சொல்லவில்லை. அக்கா கல்யாணக் கடனை ஒற்றை ஆளாக அடைத்தாய். இந்தத் தெருவில் அப்படி ஒரு பிள்ளை யாருக்கு இருக்கிறான் என்று வாயாரச் சொல்கிறேன். ஆனால் ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுக்கிறவள் மகன், அம்மா கொடுத்த மாத்திரையை ஒளித்து வைத்துவிட்டுப் போகிறான். கம்பெனிக்குத் தெரிந்தால் வேலைக்கு ஆபத்து என்று பயப்படுகிறாயா? அல்லது முப்பத்தாறு வயசில் இது என்ன என்று கூச்சமா? எதுவானாலும் எனக்குச் சொல்.

கவரை இந்தப் பையனிடம் கொடுத்தனுப்பலாம் என்று பார்த்தேன். அடுத்தவர் மருந்தைக் கொண்டுபோனால் ஏர்போர்ட்டில் அவனுக்குத்தான் தொந்தரவு. டாக்டர் சீட்டை மட்டும் இதோடு வைத்திருக்கிறேன். துபாயில் கம்பெனி இன்சூரன்ஸ் போட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போ. சீட்டைக் காட்டு. மொட்டைமாடியில், வெயிலில் ஏ.சி. வேலை என்பதை மறக்காமல் சொல், பிரஷர் மாத்திரையில் சிலது உடம்புத் தண்ணீரை இறக்கிவிடும், டாக்டர் அதைப் பார்த்து எழுத வேண்டும். ஜூன் 15-லிருந்து மத்தியானம் வேலையை நிறுத்துகிற சட்டம் வரும்வரை காத்திருக்காதே, அதற்கு முன்பே வெயில் கொளுத்தும்.

அவர் எழுதுவதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. நான் நம்ம டாக்டரிடம் காட்டி நோட்டில் எழுதி வைக்கிறேன். கிட்னிக்குப் பார்க்கிற கிரியேட்டினின், மூன்று மாத சர்க்கரை சராசரி, இரண்டு ரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொல். முதுகுவலிக்கு மெடிக்கலில் நீயாக வாங்கிப் போடும் மாத்திரையை விடு, அது கிட்னியைக் கெடுக்கும். நைட் ஷிஃப்ட் என்றால் எந்த நேரத்துக்குப் போடுவது என்று கேட்டுக்கொள். பாதியில் மட்டும் விடாதே. மறுபடி சொல்கிறேன், விடாதே.

நெஞ்சு வலித்தாலோ, ஒரு பக்கம் கை கால் மரத்தாலோ, பேச்சு குழறினாலோ ரூமில் இருக்கிறவர்களிடம் வெட்கப்படாமல் சொல்லி உடனே ஆம்புலன்ஸ் கூப்பிடு.

அக்கா வளைகாப்புக்கு நாள் குறித்ததும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கில் பார்த்துவிட்டுக் கூப்பிடு. பிரஷரில் மேல் எண், கீழ் எண் இரண்டையும் சொல். 180 வந்திருந்தாலும் திட்டமாட்டேன். பக்கத்தில் யாராவது இருந்தால் வேறு எதுவும் பேச வேண்டாம், எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வை.

அம்மா